கருமத்தம்பட்டிக்கு நான் கொண்டுபோன நாற்பத்தொரு வாய்ஸ் மெசேஜ்

ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறவள்தான் நான். இந்த முறை மட்டும் சண்டை போடப் போனேன். கோயமுத்தூரிலிருந்து அவிநாசி ரோட்டில் இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது கருமத்தம்பட்டி. என்னோடு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த தனலட்சுமி அங்கேதான் இருக்கிறாள். முப்பது வருடம் கழித்துக் கிடைத்தும் என்னோடு பேச மாட்டேன் என்கிறாயே, நான் உனக்கு என்ன கெடுதல் செய்தேன் என்று அவளை முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு வர வேண்டும். போன நவம்பரில் ஒரு சனிக்கிழமையை அதற்கென்று ஒதுக்கினேன். எனக்கு மூக்கு மேல் கோபம் வரும் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

கோபம் நியாயமானதுதானா என்று நீங்களே சொல்லுங்கள். போன வருடம் ஜமீலா எங்கள் வகுப்புப் பெண்களையெல்லாம் தேடிப் பிடித்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தாள். ஜமீலாவின் அத்தா அந்தக் காலத்தில் கருமத்தம்பட்டியில் தறி சாமான் கடை வைத்திருந்தார். இப்போது அவள் கோயமுத்தூர் கோட்டைமேட்டில் வாழ்க்கைப்பட்டு இருக்கிறாள். குழுவில் தனத்தின் எண்ணைப் பார்த்ததும் முதல் வேலையாக அதைச் சேமித்துக்கொண்டேன். தமிழில் தட்டச்சு செய்ய எனக்குப் பொறுமை கிடையாது, கண்ணாடி வேறு தேட வேண்டும். அதனால் தனியாக அவளுக்குக் குரல் பதிவுகளாக அனுப்பினேன். ஒன்பது மாதத்தில் நாற்பத்தொன்று. பதிலுக்கு அவள் அனுப்பியதெல்லாம் காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூப் படமும், தூக்கிக் காட்டிய கட்டைவிரலும்தான். மூன்று முறை போன் செய்தேன். இரண்டு முறை கட் செய்தாள். ஒரு முறை எடுத்தாள், தறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது, வைத்துவிட்டாள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். மார்ச்சில் என் அம்மா இறந்துபோனாள். பள்ளிக்கூடத் தோழிகளில் ஜமீலாவுக்கும் தனத்துக்கும் மட்டும் சொன்னேன், ஏனென்றால் அம்மா கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் அவர்கள் இரண்டு பேரும். ஜமீலா உடனே கூப்பிட்டு ஓவென்று அழுதாள். நான் அழுதுகொண்டே பேசி அனுப்பிய பதிவுக்குத் தனம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். பிறகு ஒரு நாள் தாங்க முடியாமல் குழுவில் எல்லோருக்கும் கேட்கும்படி, என்மேல் என்ன கோபம் தனம் என்று பேசிப் போட்டேன். அவளுக்கு இப்போதெல்லாம் நம்மோடு பேசப் பிடிக்கவில்லை போல என்று வேறொருத்தி அதற்குக் கீழே எழுதினாள். அரை மணியில் தனம் குழுவைவிட்டு வெளியேறிவிட்டாள். எழுதிக் கேட்டிருக்கலாம்தான். ரோஷம் விடவில்லை.

கோபம் எதற்காக என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. பன்னிரண்டாவது முடித்ததும் அப்பாவுக்கு மாற்றல் வந்து நாங்கள் போய்விட்டோம். அடுத்த வருடமே தனத்துக்குக் கல்யாணம். கட்டாயம் வருவேன் என்று கடிதம் எழுதிவிட்டு, பரீட்சை என்று போகாமல் இருந்துவிட்டேன். அதைத்தான் இத்தனை வருடமாக மனதில் வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

இனிப் பயணம். வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்குச் சென்னையில் ரயில் ஏறினேன். ஏசி இல்லாத பெட்டியில் டிக்கெட் 190 ரூபாய். மதியம் இரண்டு மணிக்குக் கோயமுத்தூர். ஸ்டேஷனிலிருந்து கோட்டைமேடு ஒன்றரை கிலோமீட்டர், ஆட்டோ 80 ரூபாய். ஜமீலா வீட்டில் தங்கியதால் அறை வாடகை மிச்சம். அவள் போட்ட பிரியாணியைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே வேண்டாம். தனத்தை நீ கடைசியாக எப்போது பார்த்தாய் என்று அவளிடம் கேட்டேன்.

"அட, எட்டு வருசம் ஆச்சுடி," என்றாள். "இருக்கறது இருவத்தஞ்சு கிலோமீட்டர். இந்தா போலாம், அந்தா போலாம்னே ஓடிப்போச்சு. நீ மெட்ராஸ்ல இருந்து வாரே, அதான் நானும் கெளம்பறேன்."

சனிக்கிழமை காலை எட்டு நாற்பதுக்குக் காந்திபுரத்தில் சோமனூர் போகும் அரசு டவுன் பஸ் ஏறினோம். பெண்களுக்கு டிக்கெட் இலவசம். கண்டக்டர், "எங்க போகோணுமுங்க்கா?" என்று கேட்டு இரண்டு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவிநாசி ரோட்டில் தலைக்கு மேலே நீளமாகப் பாலம் கட்டியிருக்கிறார்கள். மேலே கார்கள் பறக்கின்றன. நம் டவுன் பஸ் கீழே பீளமேடு, சித்ரா, சின்னியம்பாளையம் என்று எல்லா நிறுத்தத்திலும் நின்று, ஆள் ஏற்றி, நீலாம்பூர் தாண்டுவதற்கே முக்கால் மணி ஆகிறது. எனக்கு அதில் குறையில்லை. வழிநெடுக ஜமீலாவும் நானும் பழைய கதை பேசிச் சிரித்ததில் முன் சீட்டில் இருந்த அம்மா இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

அந்தக் கதை புரிய வேண்டுமானால் தறிப் பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் குடியிருந்தது தனத்தின் வீட்டுக்குப் பின்னால் இருந்த லைன் வீட்டில். நடுவில் அவர்களுடைய தறிக்குடோன். விசைத்தறிகள் ஓடும் கொட்டகையை அங்கே குடோன் என்பார்கள். எட்டுத் தறி ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் தறிக்காரர்கள் கத்துவதில்லை. குரலே எழுப்பாமல் உதட்டைப் பெரிதாக அசைத்து, புருவத்தையும் கையையும் சேர்த்துக்கொண்டு பேசுவார்கள். இந்தக் கோடியில் நிற்பவர் அந்தக் கோடியில் இருப்பவரிடம் வீட்டு விவகாரம் முழுக்கப் பேசி முடித்துவிடுவார். கோயமுத்தூர்க்காரர்கள் மூன்று வயதுக் குழந்தையிடம்கூட வாங்க, போங்க என்பார்கள் இல்லையா, அந்த 'ங்க' தறிப் பேச்சில் கிடையாது. சுருக்கமாகத்தான் பேச முடியும்.

தனம் பிறந்ததிலிருந்தே அதில் பழகியவள். எனக்கு ஒரே வருடத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டாள். ஜமீலாவுக்கு மட்டும் கடைசி வரை அரைகுறைதான், அவள் வீட்டில் தறி ஓடவில்லை. தனம் விடியற்காலையில் எழுந்து தார் சுற்றுவாள். தறியில் இங்குமங்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற, குறுக்கு இழைக்கான ஊடை நூல் சுற்றிய குச்சிதான் தார். ஏழு மணி வாக்கில் குடோனின் பின்பக்க ஜன்னலுக்கு வந்து, எங்கள் சமையலறையைப் பார்த்து உதட்டை அசைப்பாள். "தார் தீந்துபோச்சு, வாடி." தார்க்கூடை நிறைந்துதான் இருக்கும். நீ வெளியே வா, பேசிக்கொண்டே பள்ளிக்கூடம் போகலாம் என்பதைத்தான் அவள் அப்படிச் சொல்வாள். அம்மாவுக்குத் தறிப் பேச்சு தெரியாது. ஆனால் தனம் பசியோடு நிற்கிறாள் என்பது தெரியும். தோசைக் கரண்டியைக் காட்டி எத்தனை என்று கேட்பாள். தனம் இரண்டு விரலைக் காட்டினால் மூன்று தோசை போகும்.

வகுப்பில் நானும் தனமும் வெவ்வேறு மூலையில் இருந்தோம். கணக்கு டீச்சர் பலகைப் பக்கம் திரும்பினால் போதும், எங்கள் உதடுகள் ஆட ஆரம்பித்துவிடும். ஒரு நாள் டீச்சர் சட்டென்று திரும்பி, "என்னத்தைத் தின்னுட்டு இருக்கறீங்க? துப்புங்க," என்றார். வாயைத் திறந்து காட்டினோம், ஒன்றுமில்லை. நாக்கைத் தூக்கச் சொன்னார், அங்கேயும் இல்லை. பின் பெஞ்சில் உட்கார்ந்து நிஜமாகவே புளியங்கொட்டை மென்றுகொண்டிருந்த ஜமீலா பயத்தில் அதை விழுங்கிவிட்டாள். இரண்டு நாள் வயிற்றுக்குள் மரம் முளைக்கும் என்று அழுதாள்.

"அந்தக் கொட்டை இன்னும் உள்ளாரதான் இருக்குது," என்று பஸ்ஸில் வயிற்றைத் தடவினாள் ஜமீலா. நாற்பத்தேழு வயதில் இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு ஏக்கமாக இருந்தது. இந்தக் கதையில் நடு ஆள் தனம். அவள் இல்லாமல் இரண்டு பேர் அதைச் சொல்லிக்கொள்வது பாதிச் சாப்பாடு மாதிரி இருந்தது.

ஒன்பது ஐம்பதுக்குக் கருமத்தம்பட்டி. மாதா கோயில் நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளுங்கள். மேம்பாலமும் ஆறுவழிச் சாலையும் வந்து முகப்பு மாறிவிட்டது, உள்ளே இரண்டு தெரு நடந்தால் தறிச் சத்தம் அப்படியே இருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடத்தை வாயிற்கதவுக்கு வெளியிலிருந்து பத்து நிமிடம் பார்த்தோம். புதுக் கட்டடம். நாங்கள் உட்கார்ந்த வேப்பமர நிழலில் இரண்டு சக்கர வண்டிகள் வரிசையாக நின்றன. பிறகு சோமனூர் ரோட்டில் இருக்கும் தனத்தின் புகுந்த வீட்டுக்கு ஆட்டோ பிடித்தோம். இரண்டு கிலோமீட்டர், 60 ரூபாய்.

"தனலட்சுமியக்கா ஊடுங்களா? தெரியுமுங்க," என்றார் ஆட்டோக்காரர். கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "சொந்தமுங்களா?" என்றார்.

"கூடப் படிச்சவங்க," என்றாள் ஜமீலா.

"நல்லவங்கதானுங்க. ஆனா கொஞ்சம் கர்வமுங்க. பின்னால இருந்து கூப்புட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. முன்னெல்லாம் அப்படி இல்லீங்க."

நான் ஜமீலாவைப் பார்த்தேன். ஊருக்கே தெரிந்திருக்கிறது பார் என்ற அர்த்தத்தில்தான் பார்த்தேன். சண்டைக்கு எனக்கு இன்னும் கொஞ்சம் தெம்பு வந்தது.

வீட்டு வாசலிலேயே குடோன். இங்கேயும் எட்டுத் தறி, எட்டும் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில், எங்களுக்கு முதுகைக் காட்டி, அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள் ஒரு நரைத்த தலைக்காரி. இழையைக் கடித்து அறுக்கும்போது தலையைச் சாய்த்த விதத்தில் அவள்தான் என்று தெரிந்துவிட்டது. நிமிர்ந்தாள், திரும்பினாள், பார்த்தாள். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. உதடு அசைந்தது. "எப்ப வந்தே?"

என் உதடும் தானாக அசைந்தது. "இப்பத்தான்."

முப்பது வருடமாக நான் அதைப் பேசியதே இல்லை. ஆனால் பழகிய சைக்கிளை மறுபடி ஓட்டுவது போல அது வந்துவிட்டது. அவள் ஓடி வந்து என் இரண்டு கன்னத்தையும் பஞ்சு ஒட்டிய கையால் பிடித்தாள். குண்டாயிட்டே, என்றாள். நீ கெழவி ஆயிட்டே, என்றேன். ஜமீலாவைக் காட்டி, புளியங்கொட்டை நல்லா இருக்குதா, என்றாள். எட்டுத் தறிக்கு நடுவில் நின்று அரை மணி நேரம் பேசினோம். மகன் திருப்பூரில் வேலையாம், வீட்டுக்காரர் தறிக்குப் பாவு நூல் எடுக்கப் போயிருக்கிறாராம். கேட்பதற்கு நான் கட்டிக்கொண்டு போன நீளமான கேள்விக்குத் தறிப் பேச்சில் இடமே இல்லை. அவள் முகத்தில் என்மேல் கோபம் இருந்ததற்கு ஒரு அடையாளமும் இல்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அப்படிச் சந்தோஷமாக இருந்து வெகு நாளாகிவிட்டது.

பதினொன்று நாற்பதுக்குக் கரண்ட் போனது.

எட்டுத் தறியும் ஒரே சமயத்தில் நின்றன. காதுக்குள் சற்று நேரம் ரீங்காரம், பிறகு சுத்த அமைதி. தனத்தின் முகம் மாறியதை நான் பார்த்தேன். சிரிப்பு அப்படியே நின்றுபோய், விருந்தாளிகளைப் பார்க்கிற முகம் வந்தது. "உள்ள வாங்க, மோர் குடிக்கலாம்," என்றாள். குரல் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிற அளவுக்கு உரக்க வந்தது. எனக்கு வாங்க என்றதும் சுருக்கென்றது.

சமையலறையில் எங்களுக்கு முதுகைக் காட்டி மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இதுதான் சமயம் என்று ஆரம்பித்தேன். "தனம், நேரா கேக்கறேன். என்மேல உனக்கு என்ன கோவம்?"

அவள் மோரில் உப்புப் போட்டாள்.

"கல்யாணத்துக்கு வராதது தப்புதான். அதுக்காக எங்க அம்மா செத்ததுக்குக்கூட ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?" அவள் கலக்கிக்கொண்டே இருந்தாள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "தனம்," என்று கத்தினேன்.

ஜமீலா என் கையைப் பிடித்தாள். வாயைத் திறக்காமல், பக்கத்திலிருந்த எவர்சில்வர் தட்டை எடுத்துத் தனத்தின் பின்னால் தரையில் போட்டாள். அது சுழன்று சுழன்று சத்தம் போட்டு அடங்கியது. தனம் திரும்பவில்லை. மோரை மூன்று டம்ளரில் அளவாக ஊற்றி எடுத்துக்கொண்டு சிரித்தபடி திரும்பினாள். கீழே கிடந்த தட்டைப் பார்த்தாள். பிறகு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். டம்ளர்களை மெதுவாக மேடையில் வைத்துவிட்டாள்.

"ஆறு வருசமாச்சு," என்று உரக்கச் சொன்னாள்.

அவள் சொன்னதை இங்கே சுருக்கித் தருகிறேன். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. எப்போது ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியாது. கூடவே தறி ஓட்டும் வீட்டுக்காரருக்கும் ஒரு வருடம் வரை தெரியவில்லை. குடோனுக்குள் எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தானே பேசுகிறார்கள். அங்கே காது கேட்கிறவர் யார், கேட்காதவர் யார்? "காது மிஷின் வாங்கி வச்சிருக்கறேன். குடோனுக்குள்ள போட்டா மண்டை பொளக்குது. வெளிய போட்டா சத்தம் கேக்குது, பேச்சு புரிய மாட்டீங்குது," என்றாள். தெருவில் யாராவது கூப்பிட்டால் தெரியாது. கர்வக்காரி என்று பேர் வந்ததும் அவளுக்குத் தெரியும்.

நான் அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து உதட்டால் கேட்டேன். எழுதி அனுப்பு என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே?

அவளும் குரலை விட்டுவிட்டு உதட்டால் சொன்னாள். "ஏன்னு கேப்பே. சொன்னா பாவம்னுவே. உன்கிட்ட நான் பாவமா இருக்கறது எனக்குப் புடிக்கல."

மகனிடம் கொடுத்தாவது கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீ எனக்குன்னு பேசுனது. அதுல என்ன இருக்குதோ. அதை எப்படி இன்னொருத்தர்கிட்டக் கொடுக்கறது?" என்றாள். பிறகு போனை எடுத்துக் காட்டினாள். நாற்பத்தொன்றும் இருந்தன, ஒன்றுகூட அழிக்கவில்லை. "சத்தத்தை முழுசா வச்சுக் கன்னத்துல ஒட்டிக்குவேன். லேசா அதிரும். நீ பேசறேன்னு தெரியும். கட்டை வெரலப் போட்டு அனுப்புவேன். வந்துச்சுன்னு சொல்றதுக்கு."

நான் மோரைக் குடித்தேன். அவளை ஒன்பது மாதமாகத் திட்டிக்கொண்டிருந்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பன்னிரண்டு இருபத்தைந்துக்குக் கரண்ட் வந்தது. அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சாதத்தை நெய் ஊற்றிப் போட்டாள், தொட்டுக்கொள்ள அப்பளம். சாப்பிட்டதும் போனை என் மடியில் வைத்து, "சொல்லு. எல்லாத்தையும் சொல்லு," என்றாள்.

எனவே, சுற்றிப் பார்க்க வைத்திருந்த பிற்பகலை நான் எப்படிக் கழித்தேன் என்றால், இரண்டு தறிக்கு நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து, என் குரல் பதிவுகளை ஒவ்வொன்றாகச் சத்தத்தை முழுசாக வைத்துக் காதில் அழுத்தி, மறு காதைப் பொத்திக்கொண்டு கேட்டு, தனத்துக்கு உதட்டால் திருப்பிச் சொன்னேன். நடுநடுவே அவள் எழுந்து போய் இழை முடிந்துவிட்டு வருவாள். ஜமீலா தார்க்கூடையில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். என் மகளின் பரீட்சை, எனக்கு வந்த மூட்டுவலி, மாடி வீட்டுக்காரரின் தண்ணீர் மோட்டார் சண்டை, எல்லாம் அதில் இருந்தன. எத்தனை அற்பமான விஷயங்களை ஒருத்தியிடம் சொல்ல ஆசைப்பட்டிருக்கிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் ஒன்றையும் விடாமல் கேட்டாள். மோட்டார் சண்டையில் யார் ஜெயித்தது என்றுகூடக் கேட்டாள்.

பதினேழாவது பதிவை நான் காதில் வைத்ததும் எடுத்துவிட்டேன். தாண்டிவிடலாம் என்று நினைத்தேன். தனம் என் முழங்காலைத் தட்டினாள். சொல்லு.

அம்மா போயிட்டா, என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை என்று நினைத்து மறுபடி சொன்னேன். புரிந்துதான் இருந்தது. எப்போது என்று கேட்டாள். மார்ச்சில், என்றேன். போனை என்னிடமிருந்து வாங்கி, அந்தப் பதிவுக்குக் கீழே பார்த்தாள். தன் வலது கட்டைவிரலை ஒரு முறை பார்த்தாள். பிறகு அதை மடக்கி, முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டாள். அழுகிற சத்தம் எட்டுத் தறிக்குள் யாருக்கும் கேட்காது. அதனால் இரண்டு பேரும் நன்றாக அழுதோம்.

"மூணு தோசை வைப்பாங்க," என்று மட்டும் சொன்னாள்.

முப்பத்தி நாலாவது பதிவில் வேறு வம்பு. அது நான் ஆத்திரத்தில் பேசியது. கேட்டதும் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தேன். என்ன, என்ன என்று அவள் உலுக்கினாள். வேறு வழியில்லாமல் சொன்னேன். "செவிடன் காதுல ஊதுன சங்கு மாதிரி நான்பாட்டுக்குப் பேசிட்டு இருக்கேன், உனக்கு உறைக்கலையாடி?"

தனம் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு தறிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள். ஜமீலாவைத் தட்டி எழுப்பி அவளுக்கும் சொல்லச் சொன்னாள். அதன் பிறகு, கடைசிப் பதிவையும் முடித்ததும், நான் சமையலறையில் கேட்டதற்கு, அது காதில் விழாமலே பதில் சொன்னாள். "கல்யாணத்துக்கு வராத கோவம் இருந்துச்சு. ரெண்டு வருசம் இருந்துச்சு. வாசலையே பாத்துட்டு இருந்தேன், தாலி கட்டறப்பக்கூட. பொறகு போயிருச்சு."

இல்லை என்று அவள் பொய் சொல்லாதது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஐந்து மணிக்கு ஆட்டோவில் எங்களோடு மாதா கோயில் நிறுத்தம் வரை வந்தாள். ஐந்து இருபதுக்குக் கோயமுத்தூர் போகும் தனியார் பஸ், ஆளுக்கு 25 ரூபாய். ஜன்னலோரம் எனக்கு. கண்ணாடி இறுகிப்போய்த் திறக்க வரவில்லை. பஸ் உறுமிக்கொண்டே நின்றது. மற்ற ஜன்னல்களில் இருந்தவர்கள் வழியனுப்ப வந்தவர்களிடம் போய்ச் சேர்ந்ததும் போன் போடு, என்ன, என்ன என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் கண்ணாடி வழியாக நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தோம். தலைக்குச் சாயம் போடாதே என்றாள், இதுதான் நன்றாக இருக்கிறதாம்.

கண்டக்டர் விசில் அடித்தார். தனம் ஒரு அடி முன்னால் வந்தாள். உதட்டை நன்றாக அசைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"தார் தீந்துபோச்சு, வாடி."

பஸ் நகர்ந்துவிட்டது. என்னடி சொன்னா, என்னடி சொன்னா என்று ஜமீலா என் தோளை உலுக்கினாள். உதட்டை மட்டும் அசைத்துக் காட்டினேன். அவளுக்கும் இந்த முறை புரிந்துவிட்டது.

போகிறவர்களுக்குச் சில தகவல்கள். கோயமுத்தூரில் இருந்து கருமத்தம்பட்டி போய் வர, எனக்கு ஆன செலவு ஆட்டோவோடு 150 ரூபாய்க்குள்தான். அவிநாசி ரோட்டில் காலை எட்டரைக்கு மேல் நெரிசல், ஒரு மணி பத்து நிமிடமாவது வைத்துக்கொள்ளுங்கள். தறிக்குடோனுக்குள் போனால் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட வேண்டாம். ஒரே ஒரு பகல் இருந்ததற்கே ஜமீலாவுக்கு மறுநாள் வரை ரீங்காரம் நிற்கவில்லை. பழைய சிநேகிதம் யாராவது பதில் போடாமல் இருந்தால் மூன்றாவது ஆளிடம் கேட்காதீர்கள், பஸ் ஏறிவிடுங்கள். போய் முகத்துக்கு நேரே உட்காருங்கள். நான் இப்போது தமிழில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொண்டேன், கண்ணாடி கழுத்திலேயே தொங்குகிறது.

இன்னும் ஒன்று. போவதற்கு முன்பே திரும்பும் டிக்கெட்டை எடுத்துவிடாதீர்கள். அன்று இரவு எட்டே முக்கால் ரயிலுக்கு நான் எடுத்துவைத்திருந்தேன். இல்லாவிட்டால் அந்த பஸ்ஸைவிட்டு இறங்கியிருப்பேன்.